பன்னண்டு பேருக்கு மேல வாணாம்

ராவத்பாட்டா,
14-6-2001

அன்புள்ள பொன்னிக்கு,

லதா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் பத்திரமாக வந்து சேர்ந்து, இந்த ராஜஸ்தான் வெயிலையும் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் உன் மகளும் சுகம்தானே?

இவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை பழகிவிட்டது. குவார்ட்டர்ஸ் கல்பாக்கத்தில் இருந்ததைவிடப் பெரிது. காலையில் கூடையை இறக்கிவைத்து "அக்கா, மீனு" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாவல்குப்பத்துக்கு வெளியூர் ஆட்களை விருந்தாளியாக வரவழைத்து, உங்கள் மகளிர் குழுவில் நாலு வீட்டில் சாப்பாடு போட்டு, கால்வாயில் தோணியில் கூட்டிப்போய், சதுரங்கப்பட்டினம் கோட்டையைக் காட்டி அனுப்புவது என்று இரண்டு வருஷமாகப் பேசினோமே, அதற்கு வழி பிறந்துவிட்டது. சென்னையில் டிராவல்ஸ் நடத்தும் ஜானகிராமன் என் சித்தி மகன். நம் நோட்டை, எந்த வீடு, எந்தக் கரை என்று நாம் வரைந்த படத்தோடு அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது ஊரப்பாக்கம் சித்திதான். அதனால் அவன் எனக்குக் கூடப்பிறந்த தம்பிதான். நம்பி நடத்து.

குழுவில் எல்லாருமாகப் பேசி முடிவு செய்த விதிகளை மறக்காமல் சுவரில் எழுதி வை. உன் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
லதா

நாவல்குப்பம்,
சதுரங்கப்பட்டினம் தபால்
20-7-2001

லதாக்காவுக்கு பொன்னி எழுதறது. இங்க அல்லாரும் நல்லா கீறோம். இடுப்பு வலி கீது, கூடைய எறக்குனா தேவல. அங்க வெயிலு நாப்பத்தஞ்சுன்னு பேப்பர்ல போட்டுக்கீதாம். நெறைய மோரு குடி.

மொத தபா ஆளுங்க வந்துட்டு பூட்டாங்க. பதினோரு பேரு. மெட்ராஸ்ல இருந்து ரெண்டு குடும்பம், ஒரு வெள்ளக்கார அம்மா, அதும் பொண்ணு. நாலு வூட்டுக்கும் பிரிச்சி வுட்டோம். என் வூட்ல மடவ மீன் கொழம்பு, எறா வறுவலு. ஒரு பொண்ணு முள்ளு இல்லாத மீனு கீதான்னு கேட்டுச்சி. எங்க கடலு அத்த இன்னும் பெத்து போடலம்மான்னு சொன்னேன். அப்பாலே நானே முள்ளு எடுத்து குடுத்தேன், நல்லா துன்னுச்சி. வெள்ளக்கார அம்மா நம்ம ஜெகதாம்பா வூட்ல கீழ குந்திகினு மூணு தபா சோறு வாங்கிச்சி.

எங்க வூட்டுக்காரரு கழி போட்டு தோணிய தள்ளிகினே நார, கொக்கு, கால்வாய்ல நண்டு வலை போடற ஆளுங்க, அல்லாம் காட்டுனாரு. கோட்டைக்குள்ள கல்லற கல்லு மேல கப்பலு செதுக்கி கீது இல்ல, அத்த காட்டுனது நானு.

இன்னொண்ணு. விருந்தாளிங்களுக்குன்னு நாலு வூட்ல கக்கூஸ் கட்டுனோமே, இப்ப தெருவுல கீற பொம்பளைங்க அல்லாம் சாவி வாங்கினு போறாங்க. இருட்டற வரைக்கும் வவுத்த புடிச்சிகினு குந்திகினு இருக்க வாணாம். இனிமே ஒரு ஆளு வரலன்னாலும் எனக்கு இது போதும்.

குழு ஆபீஸ் செவுத்துல எழுதிட்டேன். ஒரு தபாக்கு பன்னண்டு பேருக்கு மேல வாணாம். குடிச்சிட்டு வர வாணாம். கேக்காம போட்டோ புடிக்க வாணாம். கால்வாய்ல மோட்டார் வெச்ச போட்டு வாணாம். பங்குனி ஆமை முட்ட வெக்கிற மாசத்துல கரையில வெளக்கு வாணாம். அல்லாம் வாணாம்னே எழுதிகீறியே, யாரு வருவாங்கன்னு ஜெகதாம்பா கேட்டுச்சி. அதுக்கு மேல பெருசா "வாங்க" ன்னு ஒண்ணு எழுதிட்டேன்.

ஒன் தம்பி நல்ல மாரிதான் பேசறாரு. வூட்ல அல்லாரையும் வெசாரிச்சேன்னு சொல்லு.

பொன்னி

ராவத்பாட்டா,
2-9-2001

அன்புள்ள பொன்னி,

உன் கடிதத்தை இவருக்கும் படித்துக் காட்டினேன். முள் இல்லாத மீனுக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இங்கே மழை வந்து உடம்பு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. உனக்கு ஒரு தைலம் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ராத்திரி தேய்த்துக்கொண்டு படு.

ஜானகி போன் செய்தான். வந்தவர்கள் எல்லாரும் நாலு பேரிடம் சொல்கிறார்களாம். ஈசிஆர் ரோடு முழுக்க முடிந்துவிட்டால் இன்னும் நிறையப் பேர் வருவார்கள் என்கிறான். ஒரு விளம்பரப் புத்தகம் அச்சடிக்கப் போகிறானாம், அதில் ஆலோசகர் என்று என் பெயரையும் போடுவானாம். சித்திக்கு ஒரே பெருமை. "என் ரெண்டு பிள்ளைங்களும் சேர்ந்து ஒரு காரியம் பண்றாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

உன் மகள் பத்தாம் வகுப்பு ஆயிற்றே, அவளைப் படிக்கவிடு, பரிமாற இழுக்காதே. ஏகாம்பரத்தை விசாரித்ததாகச் சொல்.

உன்
லதா

நாவல்குப்பம்,
ஜெகதாம்பாள் வீட்டு விலாசம்
18-11-2001

லதாக்காவுக்கு,

நானும் பொண்ணும் சொகம். நீங்க அல்லாரும் எப்டி கீறீங்க? தைலம் வந்துச்சி, வலிக்கு நல்லா கேக்குது.

அக்கா, ஒன் தம்பி பேஜாரு பண்றாரு. தீவாளிக்கு முன்ன ஞாயித்துக்கெழம ஒரு பஸ்ஸு வந்து நின்னுச்சி. எறங்க எறங்க வந்துகினே கீறாங்க, நாப்பத்தஞ்சு பேரு. நாலு வூட்ல எங்க குந்த வெக்கிறது? மரத்தடியில பந்திய போட்டோம், சோறு பத்தாம ரெண்டாந்தரம் வடிச்சோம். ஒன் தம்பி வந்து அல்லாரும் ஒரே கலர் பொடவ கட்டி, கொடம் எடுத்துகினு வரிசையா நின்னு வரவேத்தா நல்லா இருக்கும்னாரு. வயசு பொண்ணுங்கள ஆட சொல்லி கேட்டாரு. நா முடியாதுன்னேன். சாயந்தரம் பூட்டாங்க. ஆமை வந்து முட்ட வெக்கிற எடத்துல பீரு பாட்லு ஒடஞ்சி கெடந்துச்சி. நானும் ஜெகதாம்பாளும் பொறுக்குனோம், என் காலுல ஒண்ணு குத்திட்சி.

அடுத்த வாரம் கால்வாய்ல மோட்டார் போட்டு எறக்கிட்டாரு. நண்டு வலை மூணு கிழிஞ்சி பூட்ச்சி. செவுத்துல எழுதிகீறத படிச்சிட்டு தான ஒத்துகினீங்கன்னு கேட்டேன்.

"இது வியாபாரம்மா. நீங்க பண்ணலன்னா ஆம்பளைங்கள வெச்சு பண்ணிக்குவேன்" னு சொன்னாரு.

ஒன் பேச்ச கேப்பாரு. நீ ஒரு வார்த்த சொல்லு. சீக்கிரம் எழுது.

பொன்னி

நாவல்குப்பம்,
ஜெகதாம்பாள் வீட்டு விலாசம்
9-1-2002

லதாக்காவுக்கு,

எங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்கு இன்னா ஆச்சோன்னு பயமா கீது. கார்த்திக மாசம் போயி மார்கழியும் போவுது, ஒன் கிட்டருந்து ஒரு வரி வரல. என் லெட்டரு வந்து சேரலியோன்னு திரும்ப எழுதறேன்.

பஞ்சாயத்து கூடுச்சி. கால்வாய் மொகத்துல மோட்டார் போட்ட கட்டி நிறுத்தறதுக்கு எடத்த ஒன் தம்பிக்கு குத்தகைக்கு வுடறதா பேசுனாங்க. எங்க ஊரு பஞ்சாயத்துல பொம்பளைங்க குந்தற வயக்கம் இல்ல, ஒனக்கு தெரியும். நாங்க பதினாலு பேரு கோயிலு பக்கமா ஓரத்துல போயி நின்னோம். நா பேசுனேன். விருந்தாளிய கூப்ட்டது நாங்க, சோறு போடறது நாங்க, எத்தன பேரு வரணும்னு சொல்ல வேண்டியதும் நாங்கதான்னு சொன்னேன். அப்ப ஒரு ஆளு எழுந்து, "பொம்பள பேச்ச கேட்டுகினு ஊரு நடக்குமா?" ன்னு கேட்டாரு. அல்லாரும் சிரிச்சாங்க. குத்தகைக்கு குடுத்துட்டாங்க.

நாலு வூட்ல ஒரு வூட்டுக்காரி இனிமே வரலன்னு சொல்லிட்டா. மூணு வூடு கீது. நாங்க நிறுத்தல.

எழுது அக்கா. நல்லதோ கெட்டதோ, எழுது.

பொன்னி

ராவத்பாட்டா,
5-2-2002

அன்புள்ள பொன்னி,

இரண்டு கடிதமும் வந்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே கடும் குளிர், இவருக்கு மூச்சு இழுப்பு, மகன் ஆதித்யாவுக்குப் பரீட்சை. எல்லாமாகச் சேர்ந்து உட்கார்ந்து எழுத முடியவில்லை. உன் கால் காயம் ஆறிவிட்டதா?

நடந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். ஜானகி கொஞ்சம் அவசரக்காரன், கெட்டவன் இல்லை. புதிதாகத் தொழிலில் இறங்கியிருக்கிறான், அவனுக்கும் நெருக்கடிகள் இருக்கும். நீயும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனால் என்ன? பன்னிரண்டு என்பதை இருபத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாமே. சித்திக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது. இந்தச் சமயத்தில் நான் அவனிடம் சண்டை போட்டால் அவள் தாங்கமாட்டாள்.

இரண்டு கடிதத்திலும் ஜெகதாம்பாள் வீட்டு விலாசம் போட்டிருக்கிறாயே, ஏன்? ஏகாம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் நன்றாக இருக்கிறாரா?

லதா

நாவல்குப்பம்,
ஜெகதாம்பாள் வீட்டு விலாசம்
25-2-2002

லதாக்காவுக்கு,

காலு ஆறிட்சி. அண்ணாத்தைக்கு மூச்சு இழுப்பு எப்டி கீது? சுக்கு போட்டு கஷாயம் வெச்சி குடு.

ஒன் லெட்டர ரெண்டு தபா படிச்சேன். கையெழுத்து ஒன்னுதுதான், பேசறது நீ இல்ல. அறிவொளி கிளாஸ்ல எனக்கு எழுத சொல்லி குடுத்தப்ப, புரியாததுக்கு கையெழுத்து போடாதன்னு சொன்ன லதாக்கா எங்க பூட்ச்சி? இருபத்தஞ்சு வாணாம். நாலு வூட்ல மூணு பேரு மூணு பேரா குந்துனாதான் வந்தவங்க பேரு தெரியும், எங்க பேரும் அவங்களுக்கு தெரியும். அதுக்கு மேல வந்தா வேடிக்க பாக்கற கூட்டம். இத்த ஒக்காந்து கணக்கு போட்டு சொன்னதே நீதான்.

போன ஞாயித்துக்கெழம பஸ்ஸு வந்துச்சி. நாங்க பதினோரு பொம்பளைங்க ஈசிஆர்ல இருந்து ஊருக்கு திரும்பற எடத்துல ரோட்ல குந்திகினோம். டிரைவரு ஆரன் அடிச்சாரு, நாங்க எழுந்துக்கல. கதவு தெறந்துச்சி. நா பஸ்ஸுக்குள்ள ஏறுனேன். கத்தல, நின்னு பேசுனேன். "வாங்க. நாங்கதான் ஒங்களுக்கு சோறு போடறவங்க. எங்க ஊர்ல ஒரு தபாக்கு பன்னண்டு பேரு. இந்த பஸ்ஸுக்காரரு ஒங்ககிட்ட அத்த சொல்லல" ன்னு சொல்லி, செவுத்துல கீற அல்லாத்தையும் சொன்னேன். முன்னால குந்திகினு இருந்த ஒரு வாத்தியாரு, "அந்தம்மா சொல்றது நியாயம்தானே" ன்னு எழுந்தாரு. கை கொழந்த வெச்சிருந்தவங்களையும் வயசானவங்களையும் எறங்க சொன்னாங்க. மீதி பேரு கோட்டைய பாத்துட்டு மாமல்லபுரத்துக்கு பூட்டாங்க. யாரும் சண்ட போடல.

ஒன் தம்பி என் மேல போலீஸ்ல எழுதி குடுப்பேன்னு சொல்லி அனுப்சாரு. குடுக்கட்டும்.

வூட்ட பத்தி கேட்ட. அது கெடக்கட்டும். நீ மொதல்ல ஒன்னுத சொல்லு.

பொன்னி

ராவத்பாட்டா,
28-3-2002

பொன்னி,

உடம்பைக் கவனித்துக்கொள். எங்களுக்கு ஒன்றும் இல்லை, இவர் வேலைக்குப் போகிறார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அந்த விளம்பரப் புத்தகம் போன அக்டோபரிலேயே எனக்கு வந்துவிட்டது. ஐம்பது பேர், மோட்டார் படகு, கடற்கரையில் இரவு விருந்து, எல்லாம் அதில் இருந்தது. ஆமை வரும் கரையை நம் நோட்டில் வரைந்திருந்தோமே, அதே படத்தைப் போட்டு "விருந்து நடக்கும் இடம்" என்று அச்சடித்திருந்தான். கடைசிப் பக்கத்தில் என் பெயர். நீ எனக்கு எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே எனக்கு எல்லாம் தெரியும். போனில் கேட்டேன். சித்தி வாங்கிப் பேசினாள். "அவன் முதல் முதலா தலையெடுக்கிறான், நீ குறுக்கே நிக்காதே லதா" என்றாள். அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. நான் புத்தகத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். உன் கடிதம் வந்ததும் அதற்கு அடியிலேயே வைத்தேன்.

நீ பஸ்ஸில் ஏறி நின்றதைப் படித்த அன்று வெளியே எடுத்தேன்.

என் பெயரை எடுத்துவிட வேண்டும், நோட்டைக் குழுவிடம் திருப்பித் தர வேண்டும் என்று ஜானகிக்கு ரெஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டேன். அதன் நகல் இதோடு இருக்கிறது, பஞ்சாயத்தில் காட்டு. சித்திக்கும் போன் செய்து, கரையில் பாட்டில் உடைந்து கிடந்தது வரை சொன்னேன். அவள் ரிசீவரை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

இனி டிராவல்ஸ் வேண்டாம். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலும் சென்னையிலும் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் அறுபத்து மூன்றுக்குக் கார்டு போட்டிருக்கிறேன். உங்கள் விதிகளை அப்படியே எழுதி, வருகிறவர்கள் நேராக உனக்கு எழுதும்படி சொல்லியிருக்கிறேன். வாரம் ஏழெட்டுக் கார்டு இன்னும் எழுதுவேன்.

உனக்கு என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கார்டு வந்தால் மட்டும் பதில் போட்டுவிடு.

லதா

நாவல்குப்பம்,
ஜெகதாம்பாள் வீட்டு விலாசம்
16-6-2002

லதாக்காவுக்கு,

அல்லாரும் சொகம். பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டா, நானூத்தி ரெண்டு மார்க்கு.

ஒன் மேல கோவம் வந்துச்சி. ரெண்டு மாசம் ஒனக்கு எழுத பேனாவ தொடல. ஆனா ஒன் கார்டுக்கு பதிலு வந்துகினே இருந்துச்சி. ஜெகதாம்பா தெனம் தபால்காரருக்கு தண்ணி குடுத்து வெச்சி வாங்கிச்சி. இது வரைக்கும் ஒம்போது தபா ஆளுங்க வந்துட்டாங்க. பூட்டவ திரும்ப வந்துட்டா, நாலு வூடு ஆயிட்சி. நீ மறச்சதுக்கு மட்டும் கோவிச்சிக்க முடியல எனக்கு. நானும் ஒன் கிட்ட மறச்சிகினுதான் இருந்தேன். இப்ப சொல்றேன்.

அந்த மோட்டார் போட்ட ஓட்டுனது எங்க வூட்டுக்காரரு. ஐப்பசியில ஒன் தம்பி வேல குடுத்தாரு, என்னை கேக்காம ஒத்துகினாரு. கழி போட்டு தள்ளி தள்ளி தோளு பூட்ச்சின்னாரு. அது நெசந்தான். ஆனா நா செவுத்துல எழுதிட்டு, எங்க வூட்லருந்தே அத்த மீறுனா யாரு என்னை மதிப்பாங்க? போகாதன்னேன். போனாரு. நா பொண்ண இட்டுகினு ஜெகதாம்பா வூட்டுக்கு வந்துட்டேன். பஞ்சாயத்துல ஒரு ஆளு எழுந்தாருன்னு எழுதுனேனே, அவரும் இவருதான். ஊரே சிரிச்சப்ப கூட எனக்கு அழுவ வரல. ஒனக்கு எழுதறப்ப "ஒரு ஆளு" ன்னு எழுதிட்டு அழுதேன்.

சித்திரையில அந்த மோட்டார் போட்டு அவரு கூட பொறந்தவரு வலையவே அறுத்துட்சி. மத்த வலைக்காரங்களும் கூடிட்டாங்க. பஞ்சாயத்துல ஒன் லெட்டர காட்டுனேன், நாட்டாரு அத்த படிக்க சொல்லி கேட்டாரு. குத்தகைய ரத்து பண்ணிட்டாங்க. ஒன் தம்பி தெக்கால வேற எங்கியோ எடம் பாத்துகினாரு. எங்க வூட்டுக்காரரு அங்க போவல.

அவரு வந்து வூட்டுக்கு வான்னு கூப்ட்டாரு. பஞ்சாயத்துல சொன்னத பஞ்சாயத்துலயே திருப்பி சொல்லு, அப்பாலே வரேன்னேன். தலைய குனிஞ்சிகினு பூட்டாரு.

அண்ணாத்தைக்கு ஒடம்ப பாத்துக்க சொல்லு.

பொன்னி

ராவத்பாட்டா,
11-8-2002

அன்புள்ள பொன்னி,

உன் மகள் மார்க்கைப் பார்த்து இங்கே பாயசம் வைத்தோம். நாங்கள் நலம். உன் இடுப்புக்கு இன்னொரு பாட்டில் தைலம் அனுப்புகிறேன்.

நீ எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. நீ தனியாக இருந்தது தெரியாமல் நான் உன்னிடம் "ஏகாம்பரம் நன்றாக இருக்கிறாரா" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. என்ன முடிவு எடுத்தாலும் உன் முடிவாக இருக்கட்டும்.

சித்தி இன்னும் போனை எடுப்பதில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் புடவை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. நான் செய்தது சரி என்று தெரிகிறது. ஆனாலும் அந்தப் பார்சலைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. கார்டு எழுதுவதை மட்டும் விடவில்லை. இன்றைக்கு இருநூறைத் தாண்டிவிட்டது.

உன்
லதா

நாவல்குப்பம்,
சதுரங்கப்பட்டினம் தபால்
12-2-2003

லதாக்காவுக்கு,

நானு, அவரு, பொண்ணு அல்லாரும் சொகம். விலாசத்த பாத்திருப்ப. பொங்கலுக்கு மறுநாளு பஞ்சாயத்துல அவரு எழுந்து நின்னாரு. "எங்க வூட்ல சொன்னது சரி, நா பேசுனது தப்பு" ன்னாரு. அவ்ளோதான், குந்திகினாரு. யாரும் சிரிக்கல. அடுத்த நாளு துணி மூட்டைய எடுத்துகினு வூட்டுக்கு வந்தேன். ஜெகதாம்பாதான் அழுவுது, தனியா ஆயிட்டேன்னு. பொண்ணு பாதி நாளு அங்கதான் தூங்குது.

இப்ப இந்த லெட்டரு எதுக்குன்னா, போன சனிக்கெழம ஊரப்பாக்கத்துலருந்து ஏழு பொம்பளைங்க வந்தாங்க. ஒன் கார்டு யாருக்கோ கெடச்சி வந்தவங்க. அதுல ஒரு வயசானவங்க, கண்ணாடி போட்டுகினு, அதிகம் பேசல. என் வூட்லதான் துன்னாங்க. சைவம்னாங்க, முருங்கக்கீர பொரியலு, தயிரு குடுத்தேன். தோணியில ஏறல, தல சுத்தும்னாங்க. அந்த நேரத்துல குழு ஆபீஸ் செவுரு கிட்ட நின்னு அல்லாத்தையும் படிச்சாங்க. இத்த எழுதுனது யாருன்னு கேட்டாங்க. நாந்தான்னேன். ஒனக்கு எழுத யாரு சொல்லி குடுத்ததுன்னு கேட்டாங்க. லதாக்கான்னு சொன்னேன். அந்தம்மா திரும்ப மேல இருந்து படிச்சாங்க.

அப்பாலே ஆமை கரைய பாக்கணும்னாங்க. கைய புடிச்சி இட்டுகினு போனேன். முட்டைய சுத்தி நாங்க முள்ளு கட்டி வெச்சிகீறத பாத்துகினே நின்னாங்க. "இங்கதான் பாட்டில் உடைஞ்சு கெடந்துதா?" ன்னு கேட்டாங்க. எனக்கு அப்பதான் யாருன்னு புரிஞ்சிது, ஒன் சித்தி. ஆமாம்மா, என் கால்லதான் குத்துச்சின்னேன். காமிக்க சொன்னாங்க. காமிச்சேன். குனிஞ்சி தழும்ப தொட்டு பாத்தாங்க, நா கால இழுத்துகினேன்.

போறப்ப வண்டியில ஏறிட்டு என்னை கிட்ட கூப்ட்டாங்க. "என் பிள்ளை பண்ணினதை நான் கண்ணால பாக்கணும்னு வந்தேன். பாத்துட்டேன். என் பொண்ணு லதா மேலதான் தப்புன்னு ஒரு வருஷமா இருந்துட்டேன். இப்ப எப்படி நானா கூப்பிடறது?" ன்னாங்க. கண்ணுல தண்ணி. நா சொன்னேன், நீங்க கூப்ட வாணாம்மா, போனு வந்தா எடுங்க, போதும்னு. தலைய ஆட்டுனாங்க.

இந்த லெட்டரு ஒன் கைக்கு வர ஏழு நாளு ஆவும். அன்னிக்கே போனு பண்ணு. இன்னா பேசறதுன்னு யோசிச்சிகினு குந்தாத, சாப்ட்டியான்னு கேளு, மீதி தானா வரும்.

பொன்னி